சுவரில் ஒட்டிய கண்ணாடி

ஹாலாஸ்யம் சார் தன் சமையலறைச் சுவரில் கண்ணாடி ஒட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுச் சத்யப்ரியாவையும் வரச்சொல்லியிருந்தார்.

முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. ஜன்னலுக்குப் போடுகிற மெல்லிய கண்ணாடியில் விரல் நீளத்துக்கு வெட்டிய ஒரு துண்டு. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிக் கோணலாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. துண்டின் ஒரு முனையை விரிசலுக்கு இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் வைத்து, குழைத்த சிமென்டால் ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய கை. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

“விரிசல் ஒரு நூல் அகலமானாக்கூட இது உடைஞ்சுடும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம், இது பேசட்டும்” என்றார்.

“ஒடைஞ்சா மிஷின எடுத்துர்றேன் சார்” என்றாள் சத்யப்ரியா.

அவர் கேட்காமலே அவளாகச் சொன்ன வார்த்தை அது. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸுக்கு அடியில், அதிர்வைக் குறைக்க, கனமான ரப்பர் பேட் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னாள்.

சத்யப்ரியா டிப்ளமோ படித்தவள். கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று இந்தக் காலனியில் பழைய வீடு ஒன்றை வாங்கி, பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டாள். இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் கொடுத்தால் ஒரு மிதிக்கு ஒரு வாஷர் விழும். போர்வெல் மோட்டார் குழாய்களுக்கான வாஷரும் கிளாம்ப்பும்தான் அவள் செய்தவை. உதவிக்கு முத்திருளன் இருந்தார். வாடிப்பட்டிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கணவன் அழகுராஜா உசிலம்பட்டி வழித்தடத்தில் பஸ் ஓட்டினான். நாள் முழுக்க பிரஸ் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடி காதில் கேட்பதைவிடக் காலில் அதிகம் தெரியும்.

கொட்டகைக்கும் ஹாலாஸ்யம் சாரின் சமையலறைக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது.

கண்ணாடிக்கு முன்னால் வேறு சிலதும் நடந்திருந்தன. மாநகராட்சிக்குப் பெயர் போடாத மனு ஒன்று போய், ஓர் அதிகாரி வந்து லைசென்ஸ் தாள்களைப் பார்த்துவிட்டுப் போனார். “நான் எழுதினா பேர் போட்டுத்தான் எழுதுவேன்” என்று சார் வாசலில் நின்று சொன்னதைச் சத்யப்ரியா நம்பவில்லை. யார் எழுதியது என்று கடைசிவரை தெரியவும் இல்லை. பிறகு பேசி நேரம் வைத்துக்கொண்டார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை, மதியம் மூன்றிலிருந்து ஆறுவரை. சார் மொட்டைமாடியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் ஏதோ எழுதுவதை, துணி காயப்போடும்போது அவள் பார்த்திருக்கிறாள்.

“ஆறு மணி ஒரு நிமிசம் ஆனாலும் எழுதிருவாரு போல” என்றார் முத்திருளன்.

“எழுதட்டும்ண்ணே. நம்ம ஆறுக்கே நிறுத்திருவோம்.”

ஒப்பந்தப்படி ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவள் போய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு முழுசாக இருந்தது. சத்யப்ரியா போனை எடுத்துப் படம் எடுத்தாள்.

“எதுக்கு?” என்றார் சார்.

“சும்மா, இருக்கட்டும்னுதான் சார்.”

அவர் அவள் போனைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அவரே உடைத்துவிட்டு மிஷின்மேல் பழி போட்டால் என்பதுதான் அவள் பயம். சுத்தியலெல்லாம் தேவையில்லை. சப்பாத்திக் கட்டையால் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும். அந்த வீட்டுக்குள் இருக்கிற கண்ணாடி. இரவும் பகலும் அவர் கைக்கு எட்டுகிற இடம். இதை யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இரண்டாம் ஞாயிறு அவள் விரிசலுக்கு மிக அருகில் முகத்தை வைத்து, சிமென்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். சார் பின்னால் நின்றுகொண்டு, “ராத்திரியில ஏதாவது ஓட்டறேளா?” என்று கேட்டார்.

“இல்லையே சார். ஏன்?”

“சும்மா, கேட்டேன்.”

அவருடைய மனைவி பாகீரதி மாமி அடுப்பைப் பார்த்தபடி நின்றார். திரும்பவே இல்லை.

மூன்றாம் வாரம் சத்யப்ரியாவின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். வியாழக்கிழமை காலை கொட்டகையைப் பூட்டி, மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு போனாள். முத்திருளனுக்கும் லீவு. சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பினார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கே சார் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை உடைஞ்சிருக்கு” என்றார் சார். “பதினொண்ணு இருபதுலேர்ந்து பன்னெண்டே கால்வரைக்கும் விடாம ஓடித்து. எழுதி வச்சிருக்கேன்.”

“வெள்ளிக்கிழம நான் ஊர்லயே இல்ல சார். கொட்டக பூட்டு.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

“மிஷின் ஓடல. கண்ணாடி தானா ஒடையாதுல்ல சார்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. மாமி அடுப்பைச் சிறிதாக்கினார். சார் அவள் பக்கம் திரும்பினார்.

“பசங்க ரெக்கார்டு நோட்டுல ஒரு ரீடிங் சந்தேகமா இருந்தாக்கூடக் கையெழுத்துப் போடாதவன் நான். என்னைப் பார்த்து...” கையை வாசல் பக்கம் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சத்யப்ரியாவுக்கு வேறொரு எண்ணம் வந்தது. முத்திருளனிடம் இன்னொரு சாவி இருந்தது. போன் செய்தாள்.

“அண்ணே, வெள்ளிக்கிழம கொட்டகப் பக்கம் வந்தியளா?”

“நான் தங்கச்சி வீட்ல இருந்தேன் ஆத்தா. என்னையவா கேக்குற?”

“அப்படி இல்லண்ணே...”

“கேமரா ஒண்ணு வச்சுரு. ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

கொட்டகையைத் திறந்து பார்த்தாள். வியாழக்கிழமை, மிஷினின் வெட்டும் அச்சான டையின் மேல் அவள் போர்த்திய எண்ணெய்த் துணி போட்டது போட்டபடி இருந்தது. அதன் மேல் மூன்று நாள் தூசி. மிஷின் ஓடவே இல்லை. நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று முத்திருளனை நினைத்துக் கூசினாள். ஆனால் சார் விஷயத்தில் சந்தேகம் இப்போது உறுதியாகிவிட்டது. ஓடாத மிஷினுக்கு நிமிஷக் கணக்கோடு நேரம் எழுதி வைத்திருக்கிற மனிதர் கண்ணாடியையும் உடைத்திருப்பார்.

கொடுத்த வாக்கு இருந்ததால் மிஷினை ஓட்டவில்லை. எடுக்கவும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை, தன் பக்கம் ஒரு பழுதும் இல்லை என்று படம் எடுத்து வைக்கலாம் என்று கொட்டகைக்குப் பின்னால் போனாள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய குறுகலான சந்து அது. வெட்டிப்போட்ட தகட்டு மிச்சங்களைத் தாண்டி யாரும் போவதில்லை. நாலு எட்டு வைத்ததும் கால் புதைந்தது.

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மண் சேறாக இருந்தது.

கொத்துக்கரண்டியால் தோண்டினாள். ஓரடி ஆழத்தில் அவள் வீட்டுக் குளியலறைக் கழிவுநீர்க் குழாய். இரண்டு குழாய்கள் சேரும் இடம் விலகி, தண்ணீர் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அங்கே கம்பியை விட்டுப் பார்த்தாள். கம்பி எதிர்ப்பில்லாமல் உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் நேர் எதிரே சாரின் சமையலறை. காலனி முழுக்க ஒரு காலத்தில் நஞ்சை வயல். தண்ணீர் குடித்தால் மண் இளகிவிடும். சுவர் இறங்கியதும் அதனால்தான், கண்ணாடி உடைந்ததும் அதனால்தான். யாரும் கை வைக்கவில்லை.

அவள் அந்தச் சேற்றிலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். மிஷின் மேல் தப்பில்லை. ஆனால் குழாய் அவளுடையது.

சாயங்காலம் அழகுராஜாவிடம் சொன்னாள்.

“இதப் போயி நீயா சொல்லப் போறியா?” என்றான். “அந்த ஆளு ஏற்கெனவே நோட்டுப் போட்டு எழுதுறாரு. நம்ம குழாயாலதான் செவுரு போச்சுன்னா சும்மா விடுவாரா? குழாய மட்டும் சத்தமில்லாம சரி பண்ணிரு. விரிசல் அதுபாட்டுக்கு நின்னுரும்.”

“கீழ மண்ணு அரிச்சிருச்சு மாமா. கம்பி எம்புட்டுத் தூரம் உள்ள போகுது தெரியுமா?”

“ஒனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுல்ல.”

அவன் சொன்னது அவளுக்கும் தோன்றியிருந்தது. மறுநாள் காலையில் தோண்டிய குழியில் ஒரு சட்டி மணலைக் கொட்டி, அதன் மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினாள். பிள்ளைகளை வாளியில் நீர் எடுத்து முன்பக்கம் குளிக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குக் குழாய் அடைப்பு என்றாள். ஆர்டர் கொடுத்த கடைக்காரர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள், பக்கத்து வீட்டுச் சமையலறையின் திறந்த பின்வாசல் வழியாக உள்ளே பார்த்தாள். பாகீரதி மாமி தரையில் மணை போட்டு உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முதுகை அந்த விரிசல் சுவரில் சாய்த்திருந்தார். இடுப்புவலிக்கு அந்தச் சுவர்தான் வாகு என்று மாமி எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. குழாயைச் சரிசெய்தாலும் கீழே இருக்கிற பள்ளம் பள்ளம்தான். அது மாமிக்குத் தெரியாது.

துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

ஹாலாஸ்யம் சார் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாய் விலகியதை, மண் அரித்ததை, திங்கட்கிழமையே பார்த்ததை, இரண்டு நாள் மறைத்ததையும் சேர்த்து.

“மாமிய அந்தச் செவுத்துப் பக்கம் உக்கார வேணாம்னு சொல்லுங்க சார். மொதல்ல அது.”

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு நாள் யோசிச்சு இதைக் கண்டுபிடிச்சியாக்கும்” என்றார். “குழாய் மேல பழியப் போட்டுட்டா மிஷின் தப்பிச்சுடும். நன்னாயிருக்கு.”

“குழாயும் என்னோடதுதான சார்? இதுல நான் எங்க தப்பிக்கிறேன்?”

“குழாய ஒரு நாள்ல மாத்திடலாம். மிஷின எடுக்கச் சொன்னா உனக்குப் பொழப்பு போயிடும். கணக்குத் தெரியாதவனா நான்?”

வந்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். அப்போது மின்விசிறியின் சத்தம் குறைந்தது. கரண்ட் போய்விட்டது. இறக்கைகள் மெதுவாகச் சுற்றி நின்றன. சார் அதைக் கவனிக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

“நீ இங்க நின்னுண்டு மிஷின் ஓடலைங்கறே. அங்க ஓடிண்டிருக்கு. கேக்கறதோ?”

சத்யப்ரியா காதைக் கொடுத்துக் கேட்டாள். தெருவில் ஒரு வண்டி போனது. பிறகு அதுவும் இல்லை.

“டக், டக், டக்” என்று சார் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார். ஒரே சீரான தாளம். “உன் ஆள்தானே ஓட்டறான்? என் கண்ணெதிர நிக்கறச்சேயே இந்தப் பொய்யா?”

“சார்” என்றாள் அவள். “கரண்ட் இல்ல சார்.”

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார். அதில் எரிந்துகொண்டிருக்க வேண்டிய சின்னச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. விரல் மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது.

பாகீரதி மாமி சமையலறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கோவில்ல உக்காந்திருக்கறச்சேயும் ஓடறதுன்னார்” என்றார் மெல்ல. “போன மாசம் சுஷ்மா ஆத்துக்குத் திருச்சி போயிருந்தோம். பொண்ணாத்துலயும் ராத்திரி எழுந்து உக்காந்துண்டு, ஓடறது பாருன்னார். நான் யார்கிட்டச் சொல்றது?”

“பாகீ” என்றார் சார். அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே தணிந்துவிட்டது.

சத்யப்ரியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று வாரமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். சார் சொன்னது தவறு என்று அவர் வீட்டிலேயே, அவர் கண்ணெதிரேயே தெரிந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் இருந்தவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையையே அவர் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவும் கேக்குதா சார்?”

“இப்பவும்” என்றார்.

“வெள்ளிக்கிழம நீங்க கேட்டத எழுதுனீங்க. அம்புட்டுத்தான் சார். நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். “எங்க அந்தக் குழாய்? காட்டு.”

சந்து குறுகலாக இருந்ததால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தகட்டு மிச்சங்களைக் காலால் தள்ளியபடி வந்தார். தகரத்தை அவள் எடுத்ததும் குனிந்து பார்த்தார். கம்பியை வாங்கி அவரே உள்ளே விட்டுப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்.

“இந்தத் தண்ணி நேத்து நீ ஊத்தினது இல்லையே?”

சந்து முனையில் நின்ற மாமி, “போறும்” என்றார். சத்யப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை. “ஆள் கூப்பிடுறேன். அவக தோண்டட்டும், நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க சார்” என்றாள்.

பிளம்பர் சுடலை மதியம் வந்தார். முழுக்கத் தோண்டியபின் குழாயைத் தூக்கிக் காட்டினார். இரண்டு குழாய்களையும் பசை போடாமலே சொருகி விட்டிருந்தார்கள். வீட்டைக் கட்டியவர்கள் செய்த வேலை.

“இத்தன வருசம் நின்னதே பெருசு” என்றார் சுடலை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, சத்யப்ரியாவுக்கு மட்டும் கேட்கும்படி, “மிஷின் அதிர்வுலயும் கொஞ்சம் வெலகியிருக்கலாம்க்கா. இல்லன்னு சொல்ல முடியாது” என்றார்.

சார் பத்தடி தள்ளி நின்றார். அவருக்கு அது கேட்கவில்லை. சத்யப்ரியா கொஞ்ச நேரம் குழியையே பார்த்தாள். பிறகு போய்ச் சொன்னாள்.

சார் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். இதில் வேறு ஏதாவது தந்திரம் இருக்குமோ என்று தேடுகிற பார்வை. “இதையும் நீயே சொல்றியே” என்றார். மிஷினை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

குழாய் மாற்றியாயிற்று. ஒரு கொத்தனார் வந்து இரண்டு பக்கமும் அடியில் கான்கிரீட் கொட்டினார். அந்தச் செலவை ஏற்றதில் அழகுராஜா ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. மிஷினைக் கொட்டகையின் முன்பக்கத்துக்கு, காம்பவுண்டுச் சுவரிலிருந்து தள்ளி மாற்றினாள். அதற்குத் தரையை வெட்டிப் புதிதாகத் தளம் போட வேண்டியிருந்தது. முத்திருளன்தான் இரண்டு நாள் கூடவே நின்று செய்தார். கேமரா பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் தன்னிடம் இருந்த சாவியை மட்டும் ஒரு நாள் அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் வந்ததும் அவள் அதை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

சாரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனது மாமிதான். ஆட்டோவுக்குச் சத்யப்ரியா ஏற்பாடு செய்தாள். காதுக்குப் பக்கத்தில் ஓடுகிற ரத்தத்தின் துடிப்பே அவருக்குச் சத்தமாகக் கேட்கிறது, இரத்த அழுத்தமும் அதிகம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மிஷினால் வந்ததா, வயதால் வந்ததா என்று சார் கேட்டதற்கு டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லையாம். மாமி அதைச் சுவருக்கு மேலாகச் சொன்னபோது சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரையில் சத்தம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

சில நாள் கழித்து அவள் போனுக்குச் சாரின் அழைப்பு வந்தது. மணி பதினொன்று.

“இப்போ ஓடறதாம்மா?”

“ஓடுது சார்.”

“சரி.” வைத்துவிட்டார்.

மறுபடி நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு அழைப்பு.

“இப்போ?”

“இல்ல சார். ஆறுக்கே நிறுத்தியாச்சு.”

“நிஜமாத்தானே?”

“நெசமாத்தான் சார். கொட்டகையப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள இருக்கேன்.”

“சரிம்மா” என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் வேவு பார்க்கவில்லை. தன் காதில் கேட்பது வெளியிலா உள்ளேயா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளைத்தான் கேட்கிறார். வேறு யாரைக் கேட்பது?

அதன்பிறகு தினம் ஒன்றிரண்டு அழைப்பு வரும். தகட்டைப் பிடித்த எண்ணெய்க் கையோடு எடுத்து “ஓடுது சார்” என்பாள், அல்லது “இல்ல சார்” என்பாள்.

ஒரு மதியம் ஒன்றரை மணி. நிறுத்தியிருக்க வேண்டிய நேரம். மூன்று மணி லாரிக்கு ஐந்நூறு வாஷர் குறைந்ததால் முத்திருளன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. திரையில் சாரின் பெயர். முத்திருளன் காலை எடுத்து மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“இப்போ ஓடறதாம்மா?”

இல்லை என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். காதில்தான் என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

“ஓடுச்சு சார். இப்பத்தான் நிறுத்துனாரு” என்றாள். “லாரிக்கு நேரமாயிருச்சு. இன்னும் ஒரு பத்து நிமிசம் ஓட்டணும். தப்புத்தான், ஒங்கள கேட்டுட்டு ஓட்டியிருக்கணும்.”

அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது.

“ஓடித்தா? அப்போ நான் கேட்டது சரிதான்” என்றார். “முடிச்சுக்கோ, முடிச்சுக்கோ. பத்து நிமிஷம்தானே.”

சந்தோஷமாகவே இருந்தது அந்தக் குரல்.